செப்புத்தகட்டிற் கற்ற கல்வி: ஜாக் கல்லோவின் இத்தாலிய ஆண்டுகள்

ஐரோப்பியக் கலை வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வண்ண ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் முதலிடம் அளித்து, அச்சோவியத்தை அவற்றின் நிழலிலேயே நிறுத்தியுள்ளனர். அரண்மனைச் சுவரிலும் தேவாலயப் பீடத்திலும் இடம்பெற்ற ஓவியத்தை அவ்விடங்களுக்குச் சென்றோர் மாத்திரமே கண்டனர். செப்புத்தகட்டிலிருந்து தாளிற் பதிக்கப்பட்ட படமோ நூற்றுக்கணக்கான பிரதிகளாகப் பெருகி, சந்தைக்கும் சத்திரத்துக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சாதாரண மனிதன் தான் காணாத ஒரு நகரத்தின் தோற்றத்தையோ, தொலைவில் நிகழ்ந்த ஒரு முற்றுகையின் போக்கையோ கண்ணால் அறிந்துகொண்டது பெரும்பாலும் இவ்வச்சோவியங்கள் வாயிலாகவே. ஆகவே, இக்கலையைப் பயின்றோர் எங்கே, யாரிடம், எவ்வாறு பயின்றனர் என்னும் வினா கலை வரலாற்றுக்கு மாத்திரமன்றிச் சமூக வரலாற்றுக்கும் உரியதாகின்றது. இவ்வினாவை ஆராய்வதற்கு லொறேன் நாட்டவரான ஜாக் கல்லோவின் வாழ்க்கை மிகவும் பொருத்தமானது. 1592 ஆம் ஆண்டிற் பிறந்து 1635 ஆம் ஆண்டில் மறைந்த இவர் தூரிகையாற் புகழ்பெற்றவரல்லர். செப்பும் அமிலமுமே இவருடைய கருவிகள். நாற்பத்திரண்டு ஆண்டுக் காலத்துக்குச் சற்றே மேற்பட்ட வாழ்நாளில் 1400 இற்கும் அதிகமான அச்சோவியங்களை இவர் ஆக்கினார். இத்தொழிலை அவர் கற்றது தம் தாய்நாட்டிலன்று, இத்தாலியிலாகும்.

கல்லோ பிறந்த நான்சி நகரம் அக்காலத்திற் பிரான்சுக்கு உரியதன்று. பிரெஞ்சு முடியாட்சிக்கும் ஜேர்மானியப் பேரரசுக்கும் இடையில் நெருக்குண்டு கிடந்த லொறேன் என்னும் தனிக் கோமகநாட்டின் தலைநகராக அது விளங்கியது. கல்லோவின் தந்தையார் கோமகனுடைய அவையிலே விருதுச் சின்னங்களுக்கும் அரச விழாக்களுக்கும் பொறுப்பான கட்டியக்கார அலுவலராக இருந்தார். இத்தகைய குடும்பத்தில் வந்த இளைஞனுக்கு அரசவைச் சடங்கும் ஊர்வலமும் சிறு வயதிலேயே பழக்கமாகியிருந்தன என்பது அவருடைய பிற்காலப் படைப்புகளை நோக்குமிடத்து மனங்கொள்ளத்தக்கது. 1607 ஆம் ஆண்டில் தெமான்ஜ் குறொக் என்னும் பொற்கொல்லரிடம் அவர் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். பொன்னிலும் வெள்ளியிலும் நுண்ணிய கோடுகளைச் செதுக்கும் பயிற்சி செப்புத்தகட்டு வேலைக்கு இயல்பான முன்படியாகும். ஐரோப்பாவின் சிறந்த செதுக்குநர் பலர் பொற்கொல்லர் பட்டறையிலிருந்தே வந்தனர். டியூறரின் தந்தையாரும் பொற்கொல்லரே.

கல்லோ பன்னிரண்டு வயதளவில் வீட்டைவிட்டு ஓடி, நாடோடிக் கூட்டம் ஒன்றுடன் சேர்ந்து இத்தாலிக்குச் சென்றார் என்றும், தெரிந்த வணிகர்கள் கண்டு அவரைத் திருப்பியனுப்பினர் என்றும் பழைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் கூறுவர். நாடோடிகளின் பயணத்தைச் சித்திரிக்கும் நான்கு படங்களை அவர் பின்னாளில் ஆக்கியமையே இக்கதைக்கு உயிரூட்டியிருத்தல் வேண்டும். கலைஞன் ஒருவன் எதனை நன்றாக வரைந்தானோ அதனை வாழ்ந்தும் பார்த்திருப்பான் என்று எண்ணுவது வாசகர்க்கு எளிது. வரலாற்றாசிரியனுக்கு அத்துணை எளிதன்று. பொற்கொல்லர் பட்டறையிற் சேர்ந்த சில காலத்துக்குள், 1608 இற்கும் 1611 இற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், அவர் உரோமை நகரை அடைந்தார் என்று கொள்வதே பொருந்தும்.

அக்கால உரோமை, அல்ப்ஸ் மலைக்கு வடக்கேயிருந்து வந்த இளங்கலைஞரின் பள்ளிக்கூடமாக விளங்கியது. பழைய பேரரசின் இடிபாடுகளும், இரபேலும் மைக்கல் ஆஞ்சலோவும் விட்டுச்சென்ற ஓவியங்களும், பாப்பரசரும் கருதினால்மாரும் அளித்த ஆதரவும் அவர்களை ஈர்த்தன. யாத்திரிகர் கூட்டம் ஓயாது வந்து சென்றமையால், புனிதர் படங்களுக்கும் தேவாலயக் காட்சிகளுக்கும் அங்கே பெருஞ்சந்தை இருந்தது. இச்சந்தையை நம்பிப் பல அச்சோவியப் பட்டறைகள் இயங்கின. அவற்றுள் ஒன்றை நடத்தியவர் பிலிப் தொமாசன். பிரான்சின் துறுவா நகரிலிருந்து வந்து உரோமையிற் குடியேறிய அவர், செதுக்குநராகவும் பதிப்பாளராகவும் இருந்தார். மொழி அறியாத நாட்டில் தம் மொழி பேசும் ஆசானைத் தேடிச் செல்வது அயல்நாட்டு மாணவர் எக்காலத்தும் செய்வதொன்றே. கல்லோவும் அதனையே செய்தார்.

தொமாசனிடம் அவர் கற்றது உளிச்செதுக்கு முறையாகும். மெருகேற்றிய செப்புத்தகட்டின்மீது முக்கோண அல்லது சாய்சதுர முனையுடைய செதுக்குளியை உள்ளங்கையால் முன்னோக்கித் தள்ள, செம்பு சுருளாக வெளியேறி ஒரு பள்ளக் கோடு உருவாகும். வளைந்த கோடு வேண்டுமாயின் கையைத் திருப்புவதில்லை; தோற்பையின்மீது வைத்த தகட்டையே திருப்ப வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் கோடு தடிக்கும், குறைத்தால் மெலியும். பின்னர் தகட்டில் மையைத் தேய்த்துப் பள்ளங்களில் நிறைத்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை அதன்மீது வைத்து உருளைகளுக்கிடையே செலுத்துவர். தாள் பள்ளத்திலுள்ள மையை உறிஞ்சியெடுக்கும். தமிழ் வரலாற்றில் செப்பேடு என்பது அரசனின் கொடையைச் சாசனமாக்கி நிலைநிறுத்துவது. எழுதப்பட்டது அவ்வேட்டிலேயே இருக்கும். ஐரோப்பியச் செதுக்குநனின் செப்பேடோ தன்மேல் எழுதியதைப் பிறவிடத்துக்கு அனுப்புவதற்காகவே உள்ளது. அதன்மேல் உருவம் வலம் இடமாக மாறியே கிடக்கும். வாள் ஏந்திய வீரனைத் தகட்டில் வலக்கையனாகச் செதுக்கினால், தாளில் அவன் இடக்கையனாகிவிடுவான். மாணவன் முதலிற் பழகவேண்டிய பாடம் உலகை இடம்மாற்றிக் காண்பதே.

தொமாசனின் பட்டறையில் கல்லோ செய்தது பெரும்பாலும் படியெடுக்கும் வேலை. பிற செதுக்குநரின் படங்களைப் பார்த்துச் செதுக்கியதோடு, உரோமைத் தேவாலயங்களிலிருந்த பீட ஓவியங்களைச் சிறு தகடுகளில் மறுபடைப்புச் செய்தார். இவை தனித்தன்மை குறைந்தவை என்று பிற்கால விமரிசகர் ஒதுக்குவது வழக்கம். அவ்வாறு ஒதுக்குவது நியாயமெனத் தோன்றவில்லை. சுவரளவு ஓவியத்தை உள்ளங்கையளவிற் சுருக்கும்போது எதனை விடுவது, எதனை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு அங்குலத்திலும் முடிவெடுக்க வேண்டியுள்ளது. பின்னாளில் பெருங்கூட்டத்தைச் சிறு தகட்டிலடக்கியமைக்காகப் போற்றப்பட்ட கை, அத்திறனை இந்தச் சலிப்பூட்டும் வேலையிலிருந்தே பெற்றது. தொமாசனின் இளம் மனைவியை முன்னிட்டு ஏற்பட்ட பொறாமையால் மாணவன் வெளியேற்றப்பட்டான் என்று ஒரு கதையும் வழங்குகின்றது. கலைஞர் வரலாறுகளில் இத்தகைய கதைக்குப் பஞ்சமில்லை.

கல்லோ உரோமையிலிருந்து புளோரன்சுக்குச் சென்றமைக்கு ஒரு மரணமே வாய்ப்பாக அமைந்தது. ஸ்பானிய மன்னர் மூன்றாம் பிலிப்பின் அரசியான மார்கரீத்தா 1611 இல் இறந்தார். அவருடைய சகோதரி மரியா மதலேனா, தஸ்கனியின் பெருங்கோமகன் இரண்டாம் கொசிமோ தெ மெடிசியின் மனைவியாவார். எனவே 1612 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் புளோரன்சு நகரின் சான் லொறென்சோ தேவாலயத்தில் பெருஞ்செலவில் நினைவுச் சடங்கு நடத்தப்பட்டது. இறந்த அரசியின் வாழ்க்கை நிகழ்ச்சிகளைத் தீட்டிய ஓவியங்கள் அங்கே தொங்கவிடப்பட்டன. அவற்றைப் படங்களாக்கி நூலொன்று வெளியிடும் பணி, புளோரன்சிற் பிறந்து உரோமையில் வாழ்ந்த அந்தோனியோ தெம்பெஸ்தா என்னும் மூத்த கலைஞருக்குக் கிடைத்தது. அவருக்குத் துணைநின்றவர்களுள் இருபது வயதை எட்டாத கல்லோவும் ஒருவர். ஈரிரவில் மங்கிப்போகும் சடங்கு ஒன்றைத் தாளிலே நிலைபெறச்செய்வது என்பதுதான் அவர் பெற்ற முதற் பெரும் பணி. பத்தாண்டுகள் மெடிசி அவைக்கு அவர் செய்ததும் சாராம்சத்தில் இதுவே.

கொசிமோவின் தாயாரான கிறிஸ்தீனா லொறேன் கோமகக் குடும்பத்தில் வந்தவர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. நான்சியிலிருந்து வந்த கட்டியக்காரரின் மகன் அவ்வவையில் முற்றிலும் அந்நியனாக இருந்திருக்க மாட்டான். 1614 இல் அவருக்கு மெடிசி அவையின் மாதப்படியும், உபீசி மாளிகையிலே வேலை செய்வதற்கான இடமும் கிடைத்தன. அதே அவையில் 1610 முதற் கணித வல்லுநராகவும் தத்துவ அறிஞராகவும் பதவி வகித்தவர் கலிலியோ. தொலைநோக்கியால் தூரத்துப் பொருளைப் பெரிதாக்கிக் கண்ட ஒருவரும், அருகிலுள்ள பெருங்கூட்டத்தை மயிரிழைக் கோடுகளிற் சிறிதாக்கிய ஒருவரும் ஒரே புரவலரிடம் ஊதியம் பெற்றனர்.

புளோரன்சில் கல்லோவின் கல்வி இரு வழிகளில் நடைபெற்றது. முதலாவது, ஜூலியோ பரீஜியிடம் பெற்ற பயிற்சி. பரீஜி கட்டடக் கலைஞர், பொறியியலாளர், அரங்க அமைப்பாளர். அவைக்குரிய விழாக்கள் யாவற்றையும் வடிவமைத்தவர். அவர் தம் இல்லத்தில் நடத்திய கல்விக்கூடத்தில் பார்வைக்கோட்டியல், கணிதம், கோட்டையமைப்பு, பொறிகளின் இயக்கம் ஆகியவை கற்பிக்கப்பட்டன. பிரபுக்களின் மைந்தரும் கைவினைஞரும் அங்கே ஒருங்கே பயின்றனர். மேடையில் மேகங்களிலிருந்து தேவதைகளை இறக்குவதற்கான கணக்கும், கோட்டை மதிலைப் பீரங்கி தகர்க்கும் கோணத்தின் கணக்கும் ஒரே ஆசானின் வாயிலிருந்து வந்தன. அரங்கக் கலையும் போர்க்கலையும் இவ்வாறு உடன்பிறந்தவையாயிருந்தமை இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். அன்றைய அவைகளுக்கு அது இயல்பு. கல்லோவின் படங்களில் இருபுறமும் இருண்ட பெரிய உருவங்கள் திரைபோல் நிற்க, நடுவே வெளிச்சமான வெளியிற் சிற்றுருவங்கள் நடமாடும் அமைப்பு அரங்க மேடையிலிருந்து பெறப்பட்டதே.

இரண்டாவது வழி அமில அரிப்பு முறையில் அவர் கண்ட மாற்றமாகும். இம்முறை கல்லோவுக்கு முற்பட்டது. படைக்கலங்களில் அலங்காரம் பொறிக்கும் கொல்லரிடம் வழங்கிய நுட்பத்தைப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் படம் பதிப்போர் கையாளத் தொடங்கினர். தகட்டின்மீது அமிலம் ஊடுருவாத மெழுகுப் பூச்சைப் பூசி, அதன்மேல் ஊசியால் வரைந்து, செம்பு வெளிப்பட்ட இடங்களை அமிலம் அரிக்கும்படி விடுவர். எழுதுகோலால் வரைவதுபோற் கை தடையின்றி ஓடும் என்பது இதன் சிறப்பு. குறைபாடுகளோ பல. மென்மையான மெழுகு அடிக்கடி பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்தில் அமிலம் புகுந்து தகட்டைக் கெடுக்கும். அன்றியும், ஊசிக் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பிலிருக்கும். உளிக்கோட்டின் ஏற்ற இறக்கம் அதற்கில்லை. எனவே அமில அரிப்பு, ஓவியர்கள் பொழுதுபோக்காகச் செய்யும் இரண்டாந்தர வேலையெனவே தொழில்முறைச் செதுக்குநரால் மதிக்கப்பட்டது.

கல்லோ மெழுகைக் கைவிட்டு, நரம்பிசைக் கருவியான லூட்டைச் செய்யும் தச்சர் அதன் மரத்துக்குப் பூசிய கடினமான வார்னிஷைத் தகட்டிற் பூசினார். ஆளிவிதை எண்ணெயும் மாஸ்திக் என்னும் பிசினும் சேர்ந்த இப்பூச்சு சூடேற்றியதும் இறுகிவிடும். ஊசி பட்ட இடம் தவிரப் பிறவிடத்திற் பெயராது. இதனால் ஒரே தகட்டைப் பன்முறை அமிலத்தில் இடுதல் கைகூடியது. தூரத்துக் காட்சிக்குரிய கோடுகள் மெல்லிதாக அரிக்கப்பட்டதும் அவற்றை மூடிவிட்டு, அருகிலுள்ள உருவங்களை மட்டும் மீண்டும் அமிலத்துக்கு உட்படுத்தலாம். தொலைவு மங்கலாகவும் அண்மை அழுத்தமாகவும் தாளிற் பதியும். ஓவியர் வண்ணத்தாற் காட்டிய வான்வெளித் தூரத்தைக் கறுப்பு மை ஒன்றினாலேயே காட்ட இது வழிசெய்தது. கோட்டின் தடிப்பை மாற்றுவதற்கு எஷோப் என்னும் கருவியை அவர் பயன்படுத்தினார். முனை சாய்வாக வெட்டப்பட்டு நீள்வட்டமாக அமைந்த அவ்வூசியை விரல்களிடையே உருட்டுவதால், ஒரே கோடு மெலிந்து தொடங்கி நடுவில் தடித்து மீண்டும் மெலியும். இசைக்கருவி செய்வோனின் பட்டறையில் உள்ள ஒரு பொருளை, வேறொரு பட்டறையின் நெடுநாட் சிக்கலுக்கு மருந்தாகக் கண்டது பெரிய கூர்மை. கைவினைத் தொழில்களின் முன்னேற்றம் அறிஞர் நூல்களைவிட இத்தகைய அண்டைவீட்டுக் கடன்களாலேயே அதிகம் நிகழ்ந்தது.

இப்புது நுட்பத்துக்கு மெடிசி அவை ஓயாது வேலை கொடுத்தது. 1616 ஆம் ஆண்டின் களியாட்டக் காலத்தில் சாந்தா குறோச்சே சதுக்கத்தில் 'காதற்போர்' என்னும் பெயரில் குதிரைவீரர் நடனமும் போலிப் போரும் நிகழ்ந்தன. 1617 இல் கொசிமோவின் சகோதரி கத்தரீனாவுக்கும் மாந்துவாவின் பெர்தினாந்தோ கொன்சாகாவுக்கும் நடந்த திருமணத்தின்போது உபீசி அரங்கில் இடைநாடகம் நிகழ்ந்தது. இவற்றின் வடிவமைப்பு பரீஜியுடையது, படமாக்கியவர் கல்லோ. 1619 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நெசவாளர் அரசனுக்கும் சாயமிடுவோர் அரசனுக்கும் இடையிலான போலிப் போர் ஆர்னோ ஆற்றில் நிகழ்த்தப்பட்டது. அதனைக் கல்லோ ஒரு விசிறியின் வடிவிற் பதித்தார். கோடை வெயிலில் கரையில் நின்று வேடிக்கை பார்ப்போர் விசிறிக்கொள்வதற்கேற்ற அலங்காரத் தாள் அது. நெசவும் சாயமும் புளோரன்சின் செல்வத்துக்கு அடித்தளமாயிருந்த தொழில்கள். பதினேழாம் நூற்றாண்டில் அவை நலிவடைந்துகொண்டிருந்த வேளையில், அத்தொழிலாளர் அரசவேடம் புனைந்து ஒருவரையொருவர் தாக்குவதைக் கோமகன் கண்டு மகிழ்ந்தார். படத்திற் பகைமை ஏதும் தெரிவதில்லை.

1617 ஆம் ஆண்டளவில் வெளிவந்த 'கப்ரீச்சி' என்னும் தொகுதி வேறு வகையினது. கொசிமோவின் சகோதரரான லொறென்சோவுக்கு உரிமையாக்கப்பட்ட இதில் 50 சிறு படங்கள் உள்ளன. ஆட்டிடையர், கூனர், சதுக்கத்தில் உலாவுவோர், படைவீரர், இரவலர் எனப் பலர் வருகின்றனர். சிலவற்றில் ஒரே உருவம் இருமுறை நிற்கின்றது: ஒருபுறம் வெறும் எல்லைக்கோடாக, மறுபுறம் நிழலுடன் நிறைவாக. வரையப் பயில்வோர்க்கு இது பாடப்புத்தகமாகவும் பயன்பட்டது. மாணவனாக வந்தவர் ஐந்தாறு ஆண்டுகளில் ஆசானாகிவிட்டார்.

இத்தாலிய ஆண்டுகளின் முடிமணியாகக் கருதப்படுவது 1620 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட 'இம்புறுநேத்தாச் சந்தை'. புளோரன்சுக்குத் தெற்கேயுள்ள இம்புறுநேத்தா என்னும் ஊரில், அன்னை மரியாளின் தேவாலயத்தின் முன்னால், புனித லூக்காவின் திருநாளான ஒக்ரோபர் 18 ஆம் நாளையொட்டிப் பெருஞ்சந்தை கூடும். ஓவியர்களின் பாதுகாவலரும் புனித லூக்காவே. ஏறத்தாழ ஒன்றரை முழ அகலமுள்ள இப்படத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாந்தர் உளர். மட்பாண்டம் விற்போர், குதிரை வாங்குவோர், பாம்பைக் காட்டி மருந்து விற்கும் வித்தகர், தேவாலயத்துக்கு ஊர்வலமாகச் செல்வோர், உண்போர், சண்டையிடுவோர், நாய்கள், கழுதைகள் என்று கண் போகுமிடமெல்லாம் ஒரு செயல் நிகழ்கின்றது. யாரும் கதாநாயகரல்லர். இப்படம் உரிமையாக்கப்பட்ட கோமகனும் இதில் இல்லை. இத்தனைக்கும் நடுவே, கைகளைப் பின்னாற் கட்டிக் கயிற்றில் உயரத் தூக்கிய ஒரு குற்றவாளியும் தொங்குகின்றான். கூட்டத்திற் சிலர் பார்க்கின்றனர். பலர் பேரம் பேசுவதை நிறுத்தவேயில்லை. பார்ப்பவரின் கண் அவனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கின்றது.

1621 ஆம் ஆண்டு பெப்ரவரியில் இரண்டாம் கொசிமோ முப்பதாவது வயதில் இறந்தார். மகன் சிறுவனாயிருந்தமையால் தாயாரும் மனைவியும் ஆட்சியை ஏற்றனர். சிக்கனத்தின் பெயராற் கலைஞர் பலரின் படிகள் நிறுத்தப்பட்டன. கல்லோவும் அவர்களுள் ஒருவர். அதே ஆண்டில் அவர் நான்சிக்குத் திரும்பினார். ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டுகள் அயல்நாட்டிற் கழித்தவருக்குத் தாய்நாட்டின் கோமகனவையில் தொடக்கத்திற் பெரிய வேலை எதுவும் காத்திருக்கவில்லை. இரவலர் படங்கள் 25 கொண்ட தொகுதியை அவர் இக்காலத்திலேயே வெளியிட்டார். கிழிந்த உடையும் ஊன்றுகோலுமாகத் தனித்தனித் தாளில் நிற்கும் அம்மனிதர்க்குப் பின்னணி ஏதுமில்லை. இளைஞரான றெம்பிறாந்த் சில ஆண்டுகளின் பின் ஒல்லாந்திற் செய்த இரவலர் படங்களில் இவற்றின் செல்வாக்குத் தெளிவாகவே புலனாகின்றது.

ஆனால் கல்லோவின் கைத்திறனைப் பேரரசுகள் வேண்டியது வேறு காரணத்துக்காக. 1618 இல் தொடங்கிய முப்பதாண்டுப் போர் ஐரோப்பாவின் நடுப்பகுதியைச் சூறையாடிக்கொண்டிருந்தது. 1625 இல் ஸ்பானியப் படைகள் ஒல்லாந்தரிடமிருந்து பிறேடா நகரைக் கைப்பற்றின. அவ்வெற்றியைப் பெரிய அளவிற் படமாக்குமாறு ஸ்பானிய நெதர்லாந்தை ஆண்ட இளவரசி இசபெல்லா கல்லோவிடம் கேட்டார். ஆறு தகடுகளில் அமைந்து 1628 இல் வெளிவந்த அப்படம், நிலப்படமும் காட்சியும் ஒன்றாகக் கலந்தது. அதனைக் கண்ட பிரெஞ்சு அரசும் அவரை நாடியது. பதின்மூன்றாம் லூயி மன்னரும் அமைச்சர் கருதினால் றிஷலியூவும் புரொட்டஸ்தாந்தரை அடக்கிய லா றொஷேல் முற்றுகையையும், றே தீவின் முற்றுகையையும் அவர் அவ்வாறே பதித்துக் கொடுத்தார். பரீஜியிடம் கற்ற கோட்டையமைப்பும் பார்வைக்கோட்டியலும் இங்கே நேராகவே பயன்பட்டன. லா றொஷேலில் உள்ளிருந்தோர் பெருந்தொகையினர் பட்டினியால் மடிந்தனர் என்பது வரலாறு. கல்லோவின் படத்தில் அணைகளும் கப்பல்களும் படையணிகளும் ஒழுங்காகத் தெரிகின்றன, பட்டினி தெரியவில்லை. வெற்றிபெற்றோர் கேட்டதை அவர் செய்தார், நன்றாகவும் செய்தார். அவரைப் போரெதிர்ப்பாளராக மட்டுமே போற்றுவோர் இத்தகடுகளை விரைவாகக் கடந்துசெல்வது நேர்மையன்று.

1633 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் அதே லூயியின் படைகள் நான்சியைக் கைப்பற்றின. லொறேன் கோமகன் பிரான்சின் பகைவரோடு உறவு கொண்டிருந்தமை அதற்குக் கூறப்பட்ட காரணம். தம் நகரின் வீழ்ச்சியையும் லா றொஷேலைப்போற் படமாக்குமாறு மன்னர் கேட்டார் என்றும், தம் கோமகனுக்கும் நாட்டுக்கும் இழிவுசெய்வதிலும் பெருவிரலை வெட்டிக்கொள்வது மேல் எனக் கல்லோ மறுத்துவிட்டார் என்றும் பெலிபியன் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் அந்நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். சொன்ன சொற்கள் இவையேதாமா என்பது ஐயத்துக்குரியது. நான்சி முற்றுகை பற்றிய படம் எதனையும் கல்லோ ஆக்கவில்லை என்பது மட்டும் உறுதி. செதுக்குநன் ஒருவன் தன் மறுப்பைத் தெரிவிக்கத் தகட்டை வெறுமையாக விடுவதைத் தவிர வேறு வழி இருந்ததோ என்பது எண்ணத்தக்கது.

அதே 1633 இல், அவருடைய இளமைக்கால நண்பரான இஸ்றாயேல் ஆன்றியே, 'போரின் துயரங்களும் அவலங்களும்' என்னும் தொகுதியைப் பாரிசில் வெளியிட்டார். முகப்புத்தாள் உட்பட 18 படங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று அங்குல உயரமும் ஏழரை அங்குல நீளமும் உடையது. படைக்கு ஆள்சேர்த்தலிற் கதை தொடங்குகின்றது. அடுத்து ஒரு போர். அதன் பின்னர் எதிரிப்படை எங்கும் வருவதில்லை. வீரர்கள் சத்திரத்தைக் கொள்ளையிடுகின்றனர். பண்ணைவீட்டினுட் புகுந்து அங்குள்ளோரை வதைக்கின்றனர். கன்னியர் மடத்தை அழிக்கின்றனர். கிராமத்துக்குத் தீ வைக்கின்றனர். வழிப்போக்கரின் வண்டியை மறிக்கின்றனர். பிறகு அவர்களே பிடிபட்டுக் கயிற்றில் தூக்கப்படுகின்றனர், தூக்கிலிடப்படுகின்றனர், சுடப்படுகின்றனர், எரிக்கப்படுகின்றனர், சக்கரத்திற் கட்டி முறிக்கப்படுகின்றனர். எஞ்சியோர் ஊனமுற்றவராய் மருத்துவமனை வாயிலிலும், இரவலராய்த் தெருவோரத்திலும் கிடக்கின்றனர். அகப்பட்ட சிலரைக் குடியானவர் பழிதீர்க்கின்றனர். இறுதிப் படத்தில் அரசன் அரியணையிலிருந்து நல்ல வீரர்க்குப் பரிசளிக்கின்றான்.

இத்தொகுதியிற் பெரிதும் அறியப்பட்டது தூக்குமரப் படம். வெட்டவெளியின் நடுவே ஒரு பெருமரம். கிளைகளில் வரிசையாக உடல்கள். ஏணிமேல் ஏறிய குருவானவர் அடுத்தவனுக்குச் சிலுவையைக் காட்டுகின்றார். மரத்தடியில் பேரிகையொன்றின்மேல் இருவர் பகடை உருட்டுகின்றனர். சுற்றிலும் படையணி ஈட்டிகளுடன் ஒழுங்காக நிற்கின்றது. புளோரன்சுச் சதுக்கத்துக் காதற்போரைப் பார்க்க நின்றோரும் இவ்வாறே வட்டமிட்டு நின்றனர். அதே தொலைவு, அதே உயரத்திலிருந்து நோக்கும் பார்வை, அதே நுண்கோடு. இம்புறுநேத்தாவில் தேடிக் காணவேண்டியிருந்த தொங்கும் மனிதன் இங்கே படத்தின் நடுவுக்கு வந்துவிட்டான். கூக்குரலோ கண்ணீரோ பெரிதுபடுத்தப்படவில்லை. முகங்கள் கடுகளவு. அருகே கொண்டுசென்று பார்ப்பவர்க்கே யார் யாருக்கு என்ன செய்கிறார் என்பது விளங்கும்.

இப்படங்கள் போரையே கண்டிக்கின்றனவா, அன்றிப் படையொழுக்கம் குலைவதை மட்டும் கண்டிக்கின்றனவா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. தண்டனைக் காட்சிகளும் அரசன் பரிசளிக்கும் முடிவும் இரண்டாவது கருத்துக்குத் துணைசெய்கின்றன. பிரெஞ்சுப் படை நான்சியைக் கைப்பற்றும் முன்பே இத்தகடுகளிற் சில ஆயத்தமாகியிருக்கக் கூடுமாதலின், இவற்றை நான்சியின் வீழ்ச்சி பற்றிய நேர்ச்சாட்சியமாகக் கொள்வதும் பிழை. எனினும் ஒன்றை மறுக்க முடியாது. பிறேடாவும் லா றொஷேலும் படமானபோது, படைவீரன் அணியின் ஒரு புள்ளி. கிராமம் நிலப்படத்தின் ஒரு குறி. இத்தொகுதியில் அப்புள்ளி வீட்டுக் கதவை உடைத்து உள்ளே வருகின்றது. அக்குறியிற் பெண்களும் முதியோரும் இருக்கின்றனர். இப்படங்களை எந்த மன்னரும் கேட்கவில்லை. எவருடைய வெற்றியும் இவற்றிற் குறிக்கப்படவில்லை. எந்த நாட்டுப் படை என்று அடையாளம் காட்டும் கொடியையும் முதன்மைப்படுத்தாமல் விட்டமை தற்செயலானதெனத் தோன்றவில்லை. ஸ்பானியக் கலைஞர் கோயா, நெப்போலியனின் படைகள் தம் நாட்டிற் செய்தவற்றை 1810 முதற் செப்பிற் பதித்தபோது, பார்வையை மிக அருகே கொண்டுசென்றார். உடல் ஒன்றிரண்டே இருக்கும்; முகம் நன்கு தெரியும். கல்லோ நின்ற தொலைவுக்கும் கோயா நின்ற அண்மைக்கும் இடையில் இரு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அரங்க மேடையிற் பயின்ற கண் அந்தத் தொலைவை இறுதிவரை விடவில்லை.

கல்லோ 1635 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24 ஆம் நாள் நான்சியிற் காலமானார். பிரான்சிஸ்கன் துறவியரின் தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அப்போது நகரம் பிரெஞ்சுப் படையின் கையிலேயே இருந்தது. போர்த்துயரங்கள் பற்றிய ஆறு சிறிய படங்களின் தொகுதி அவர் இறந்த மறு ஆண்டில் ஆன்றியேயால் வெளியிடப்பட்டது. புளோரன்சிற் பிறந்த ஸ்தெபானோ தெல்லா பெல்லா, கல்லோவின் தாள்களைப் படியெடுத்தே தொழில் கற்று, பின்னர் பாரிசுக்குச் சென்று அங்கே பெயர்பெற்றார். தொமாசனின் பட்டறையில் லொறேன் மாணவன் பிறர் படங்களைப் படியெடுத்ததுபோல, அம்மாணவனின் படங்களை இத்தாலிய மாணவனொருவன் படியெடுத்தான்.

கல்லோ இறந்து பத்தாண்டுகளின் பின்னர், 1645 இல், பாரிசிலே செதுக்குநர் அபிறகாம் பொஸ் அமில அரிப்புக் கலையைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். கடின வார்னிஷைக் காய்ச்சும் பக்குவம், அதனைத் தகட்டிற் பூசிப் புகையிற் கறுப்பாக்கும் முறை, எஷோப்பைத் தீட்டும் கோணம், அமிலத்தைத் தகட்டின்மேல் வார்க்கும் சாய்பலகை ஆகிய யாவும் அதிற் படங்களோடு விளக்கப்பட்டிருந்தன. கல்லோவின் பெயரும் அதில் மதிப்போடு குறிக்கப்பட்டது. ஒரு பட்டறையின் இரகசியமாக இருந்தது எல்லாருக்கும் உரிய பாடமாயிற்று. வேறு மொழிகளிலும் பெயர்க்கப்பட்ட அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தாலியை ஒருபோதும் காணாத தொழில்பழகுநர் பலர் ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சத் தொடங்கினர்.